எண்ணப்பட்டவர்கள் எண்ணத் தொடங்கியபோது
மும்பை நடைபாதைவாசிகளின் கணக்கெடுப்பும் அதிலிருந்து எழுந்த சங்கங்களும்

சேலத்தைச் சேர்ந்த நிலமற்ற கூலித் தொழிலாளி ஒருவர் 1961-இல் பம்பாய்க்குப் போனார். ஊரில் வறட்சி, வேலை இல்லை. பம்பாயில் தஹிசர் பகுதி இரசாயன ஆலை ஒன்றில் நாள் கூலிக்குச் சேர்ந்தார். கூலி 23 ரூபாய். மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய கூரை ஒன்றுக்காகக் குடிசைத் தாதா ஒருவர் அவரிடம் 2,500 ரூபாய் பறித்துக்கொண்டார். 1981 ஜூலை 23 அன்று மாநகராட்சி ஆட்கள் அந்தக் கூரையைப் பிரித்துப் போட்டு, அவரையும் மனைவி மகள்களையும் சேலம் போகும் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் மகள்களும் ஊரில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்தார். மறுபடியும் ஒரு நடைபாதை, மறுபடியும் ஒரு கூரை.

இந்த விவரமெல்லாம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் பதிவாகியிருக்கிறது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கின் மனுதாரர்களில் அவரும் ஒருவர். அதனால்தான் அவருடைய கூலியும் கூரையும் நமக்குத் தெரியவந்தன. அவரைப்போல அந்த நகரத்தின் நடைபாதைகளில் குடும்பம் நடத்திய ஆயிரக்கணக்கானோரைப் பற்றி எந்த அலுவலகக் கோப்பிலும் ஒரு வரி இல்லை. அந்த வரியைத் தாங்களே எழுதிக்கொண்டவர்களைப் பற்றியது இக்கட்டுரை.

கணக்கில் வராதவர்கள்

1981 ஜூலையில் மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர்.அந்துலே, நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்திச் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். எதிர்த்து வழக்குகள் போடப்பட்டன. நான்கு ஆண்டுகள் கழித்து, 1985 ஜூலை 10 அன்று, தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அது சொன்னது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வாசகத்துக்காகவே அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

நடைபாதையில் இருந்தவர்களுக்கு அதே தீர்ப்பின் மறுபாதிதான் முக்கியம். முன்னறிவிப்புக் கொடுத்து அவர்களை அகற்றலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. அகற்றும் பணி 1985 அக்டோபர் 31 வரை தொடங்கக் கூடாது என்று மட்டும் கெடு வைத்தது. 1976-இல் மாநில அரசு எடுத்த குடிசைக் கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மாற்று இடம் தரவேண்டும் என்றது. அந்த மாற்று இடத்தையும் வெளியேற்றத்துக்கு முன்நிபந்தனையாக வைக்கவில்லை.

ஆக, ஒரு குடும்பத்துக்கு நகரத்தில் இடம் உண்டா இல்லையா என்பதை, ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் ஓர் அலுவலர் அவர்கள் வாசலுக்கு வந்தாரா என்பது தீர்மானித்தது. உரிமையைப் பற்றிய பேச்சு கடைசியில் கணக்கைப் பற்றிய பேச்சாகிவிட்டது. அந்தக் கணக்கை எடுத்தவர்களோ நடைபாதையை வீடாகவே கருதாதவர்கள்.

பைகுலாவில் ஒரு கணக்கெடுப்பு

1984-இல் ஷீலா படேலும் அவருடைய தோழர்களும் தொடங்கிய ஸ்பார்க் என்ற அமைப்பு, மத்திய பம்பாயின் பைகுலா பகுதியில் நடைபாதைப் பெண்களோடு வேலை செய்துவந்தது. தீர்ப்பு வந்ததும் பெண்களுக்குக் கவலை. எப்போது இடிப்பார்கள், எங்கே போவது? தெருவுக்குத் தெரு ஒரே கேள்வி. எத்தனை பேர் இடிபடப்போகிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல மாநகராட்சியிடமும் எண் இல்லை, சேவை அமைப்புகளிடமும் இல்லை.

சில மாதங்களுக்குள் அந்தப் பெண்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டு ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 6,000 குடும்பங்கள், 27,000 பேர். 1985-இல் அது 'வீ, தி இன்விசிபிள்' என்ற பெயரில் அறிக்கையாக வந்தது. கண்ணுக்குத் தெரியாத நாங்கள் என்று அந்தத் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

நகரம் அவர்களைப் பற்றி நம்பிவந்த பலவற்றை அறிக்கை உடைத்தது. நடைபாதைவாசிகள் நேற்று வந்து நாளை போகிறவர்கள் என்று பேசப்பட்டது. பத்தாண்டுக்கும் மேலாக அதே இடத்தில் இருப்பவர்கள் ஏராளம் என்று கணக்குச் சொன்னது. அவர்கள் வேலையற்றவர்கள், குற்றவாளிகள் என்று பேசப்பட்டது. சந்தைகளிலும் கட்டட வேலைகளிலும் வீட்டு வேலைகளிலும் குறைந்த கூலிக்கு உழைத்து நகரத்தை ஓடவைப்பவர்கள் என்று கணக்குச் சொன்னது. பெரும்பாலோர் வேலைக்கு நடந்தே போகிறார்கள். பேருந்துக்குக் கொடுக்கக் காசில்லை, அதனால் வேலைக்கு அருகே இருக்கும் நடைபாதைதான் வீடு. நாட்டின் வறண்ட, ஏழை மாவட்டங்களிலிருந்து பிழைக்க வழியில்லாமல் வந்தவர்கள் அவர்கள். சொந்த ஊருக்கு அனுப்புவது என்ற திட்டத்தின் அடித்தளமே பொய் என்று இதற்குமேல் ஒரு வாதம் தேவைப்படவில்லை.

இதே விவரங்களை ஒரு பல்கலைக்கழகமும் திரட்டியிருக்க முடியும். கேள்வி கேட்டவர்களுக்கும் பதில் சொன்னவர்களுக்கும் இருந்த உறவில்தான் வேறுபாடு. தன் கூரை எத்தனை முறை இடிபட்டது என்று அலுவலர் கேட்டால் ஒரு பெண் தயங்குவாள், மறைப்பாள். தன்னைப் போலவே இடிபட்ட அடுத்த தெருப் பெண் கேட்டால் விரல்விட்டு எண்ணிச் சொல்வாள். இடிப்பு வண்டி வருவதற்கு முன்பு தாங்களே கூரையைப் பிரித்துக் கட்டி வைத்துவிட்டால் பாத்திரமும் கம்பும் மிஞ்சும் என்பது அந்தப் பெண்களின் அனுபவ அறிவு. இடிப்பவர்களோடு பேசி, தாமே பிரித்துக்கொள்ள அவகாசம் வாங்கும் முறை அந்த அறிவிலிருந்துதான் வந்தது.

கோலாரிலிருந்து வந்தவர்

இந்தக் கணக்கெடுக்கும் கலையை இயக்கமாக வளர்த்ததில் ஒரு தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு. ஜாக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்தவர். 1960-களில், பதின்பருவத்தில் பம்பாய்க்கு வந்து, டிராம்பே அருகே ஜனதா காலனியில் குடியேறினார். பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்த அந்தக் குடியிருப்பை அப்புறப்படுத்த முயற்சி நடந்தபோது எதிர்த்துப் போராடியவர்களின் முன்வரிசையில் அவர் நின்றார். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போன இடிப்பு, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம் நடந்தேறியது. மக்கள் சீத்தா கேம்ப்புக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அந்தத் தோல்வியிலிருந்து ஜாக்கின் எடுத்துக்கொண்ட பாடம் பெரியது. மறியல், வழக்கு, மனு ஆகியவற்றால் இடிப்பைத் தள்ளிப்போடலாம். மாற்று என்ன என்று கேட்கும்போது கையில் எதுவும் இல்லாவிட்டால் கடைசியில் தோற்போம். 1970-களின் நடுவில் அவர் உருவாக்கிய தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு, 1980-களில் ஸ்பார்க்கோடும், நடைபாதைப் பெண்களின் அமைப்பான மகிளா மிலனோடும் கைகோத்தது. கணக்கெடுப்பும் சேமிப்பும் இந்தக் கூட்டணியின் இரண்டு கருவிகளாயின. ஜாக்கினுக்கு 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2018 அக்டோபரில் அவர் மறைந்தார்.

தாராவியிலும் கணக்கெடுப்பு என்ற கருவி பயன்பட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வேலைக்குப் போன குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது. 1985-இன் இறுதியில் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு அறிவித்த 100 கோடி ரூபாயில் 37 கோடி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே இருப்பவை சுமார் 55,000 குடும்பங்கள், அவற்றில் ஏறத்தாழ 20,000 குடும்பங்களை வேறிடத்துக்கு மாற்றவேண்டியிருக்கும் என்று அரசுத் தரப்பு கணக்குப் போட்டது. குடியிருப்போரைக் கொண்டு கூட்டமைப்பு 1986-இல் எடுத்த கணக்கில் மக்கள்தொகை 5 லட்சத்து 30 ஆயிரத்தைத் தொட்டது. குடும்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அரசின் திட்டம் பாதித் தாராவியைக் காணாமலே வரையப்பட்டது என்பது அம்பலமாயிற்று.

கணக்கு சேமிப்பாகி, சேமிப்பு சங்கமாகி

ஆய்வு முடிந்தால் அறிக்கை வரும், அறிக்கை நூலகத்துக்குப் போகும். வழக்கம் இதுதான். பைகுலாவில் கணக்கெடுப்பு முடிந்த இடத்தில் வேலை தொடங்கியது. வீடு வீடாகப் போனதில் ஒரு தெருப் பெண்ணுக்கு இன்னொரு தெருப் பெண் அறிமுகமானாள். அந்த அறிமுகத்திலிருந்து 1980-களின் நடுவில் மகிளா மிலன் பிறந்தது.

முதல் வேலை ரேஷன் கார்டு. முகவரி இல்லாதவருக்குக் கார்டு கிடையாது என்ற சுவரைக் கணக்கெடுப்பின் விவரங்களைக் காட்டித் தட்டித் திறந்தார்கள். அடுத்தது சேமிப்பு. நாள் கூலிக்காரர்களிடம் மாதத் தவணை கேட்டால் கிடைக்காது. அதனால் அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண் ஒருத்தி தினமும் வீடு வீடாகப் போய் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ, இருப்பதை வாங்கினாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது? ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் வண்ணக் காகிதச் சதுரங்கள். ஒவ்வொரு நிறமும் ஒரு தொகை. பையைக் கொட்டி எண்ணினால் தன் சேமிப்பு எவ்வளவு என்று அவளுக்கே தெரியும். மருத்துவச் செலவு, வேலை போன வாரம், ஊரில் சாவு என்று அவசரம் வந்தால் அந்தப் பணத்திலிருந்தே கடன். கந்துவட்டிக்காரனிடம் போகவேண்டியதில்லை.

பிறகு வீடு. நகரத்தில் நிலமே இல்லை என்றார்கள் அலுவலர்கள். பெண்கள் நகர வளர்ச்சித் திட்ட வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏழைகளின் வீட்டுக்கென்று குறிக்கப்பட்ட மனைகளை நேரில் தேடிப் போனார்கள். வெறுமனே கிடந்தவையும் உண்டு, வேறு பயன்பாட்டுக்குப் போய்விட்டவையும் உண்டு. இதுவும் ஆய்வுதான். வீட்டின் அளவைச் சேலையாலும் கைமுழத்தாலும் அளந்து பேசினார்கள். மரச்சட்டமும் துணியும் கொண்டு முழு அளவில் மாதிரி வீடு கட்டிப் பார்வைக்கு வைத்தார்கள். அவர்கள் விரும்பியது 14 அடி உயரமுள்ள ஓர் அறை. அந்த உயரம் இருந்தால் பாதி அறைக்கு மேல் பரண் தளம் போடலாம், மேலே தூங்கலாம், கீழே தொழில் செய்யலாம். கட்டடக் கலைஞர்கள் தரையளவை எண்ணிக்கொண்டிருந்தபோது உயரத்தை எண்ணியவர்கள் அவர்கள்.

மாநில அரசு 1995-இல் கொண்டுவந்த குடிசை மறுவாழ்வுத் திட்டம் நடைபாதைவாசிகளையும் வீடு பெற உரியவர்களாக ஏற்றுக்கொண்டது. பத்தாண்டுகளுக்கு முன்பு பேருந்தில் ஏற்றி அனுப்பப்படவிருந்தவர்கள் இவர்கள். பைகுலா நடைபாதைப் பெண்கள் பின்னர் மான்கூர்டில் மிலன் நகர் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தை எழுப்பினார்கள். சங்கம் என்று ஆவணத்தில் பதிவாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர்கள் சங்கமாக இருந்தார்கள். ஒருவர் கணக்கை மற்றவர் அறிவார், யார் கடனைத் திருப்புவார் என்றும் அறிவார். தமிழில் ஒப்புரவு என்று ஒரு பழஞ்சொல் உண்டு. உள்ளவர் இல்லாதவருக்குச் செய்யும் உதவியை அது குறித்துவந்தது. இல்லாதவர்கள் தங்களுக்குள்ளேயே செய்துகொண்ட ஒப்புரவு இது. உலகெங்கும் இன்று பேசப்படும் ஒப்புரவுப் பொருளாதாரம் அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது.

தண்டவாளத்தின் ஓரத்தில்

பெரிய சோதனை இரயில் பாதையில் வந்தது. தண்டவாளத்தை ஒட்டியே குடிசைகள் இருந்ததால் புறநகர் இரயில்கள் பல இடங்களில் வேகம் குறைத்து ஊர்ந்தன. உலக வங்கிக் கடனோடு மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டம் வந்தபோது ஏறத்தாழ 20,000 குடும்பங்களை அங்கிருந்து மாற்றவேண்டியிருந்தது. 1980-களின் கடைசியிலேயே அங்கும் குடியிருப்போரின் கணக்கெடுப்பு நடந்து, இரயில் பாதைவாசிகளின் கூட்டமைப்பும் உருவாகியிருந்தது.

2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரயில்வே நிர்வாகம் ஆயிரக்கணக்கான குடிசைகளை இடித்தது. மக்கள் எதிர்த்தார்கள், இடிப்பு நின்றது. அதன்பின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ 50 குடும்பங்களுக்கு ஒரு சங்கம் என்று மக்கள் தம்மை வகுத்துக்கொண்டார்கள். யார் யார் எந்தச் சங்கம், எந்தச் சங்கத்துக்கு எந்தக் கட்டடம் என்பதைத் தாங்களே பேசி முடிவுசெய்தார்கள். மாறிய நாளில் தங்கள் குடிசையைத் தங்கள் கையாலேயே பிரித்தார்கள். ஓரிரு ஆண்டுக்குள் சுமார் 60,000 பேர் காவல்துறையின் தடியடி இல்லாமல் இடம்மாறினார்கள். இந்திய நகரங்களின் வெளியேற்ற வரலாற்றில் இது அரிது.

இத்தனைக்கும் அடிப்படையான கணக்கெடுப்பின் நடைமுறை எளிமையானது. முதலில் குடிசைகளை எண்ணி, சுண்ணாம்புக் கட்டியாலோ வண்ணத்தாலோ ஒவ்வொரு கதவுக்கும் எண் இடுவார்கள். கையால் ஒரு வரைபடம் போடுவார்கள். வீட்டுக்கு வீடு விவரம் கேட்பார்கள். பிறகு பட்டியலை மக்கள் முன் வைப்பார்கள். பெயர் விடுபட்டவர் எழுந்து கேட்பார், அங்கே வாழாத குடும்பத்தின் பெயர் இருந்தால் பக்கத்து வீட்டார் சொல்லிவிடுவார். கடைசிப் படியான இந்தத் திருத்தம்தான் இந்த முறையின் உயிர். அலுவலகத்தில் சரிபார்க்கப்பட்ட பட்டியலைத் தெரு நம்பாது, தெருவில் சரிபார்க்கப்பட்ட பட்டியலை அலுவலகம் எளிதில் மறுக்க முடியாது.

கணக்கு கைமாறும்போது

இந்த வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. அதே போக்குவரத்துத் திட்டத்தின் சாலைப் பணிகளில் இடம் இழந்த கடைக்காரர்களும் குடியிருப்போரும் 2004-இல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் புகார் செய்தார்கள். கணக்கெடுப்பிலும் கலந்தாலோசனையிலும் மறுகுடியமர்வு இடங்களிலும் குறைகள் இருப்பதைக் குழுவின் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2006 மார்ச்சில் வங்கி நிதியை நிறுத்தி வைத்துச் சில மாதங்களுக்குப் பின் மீண்டும் விடுவித்தது.

இதில் நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. மக்கள் தம் தேவைக்காக எடுத்த கணக்கு, அரசின் திட்டத்துக்கான தகுதிப் பட்டியலாக மாறும்போது அதன் இயல்பே மாறுகிறது. பட்டியலில் இருப்பவருக்கு வீடு, இல்லாதவருக்குத் தெரு என்றானதும், பட்டியல் எழுதுபவர் வாயிற்காவலர் ஆகிறார். அவர் அதே தெருவிலிருந்து வந்தவராக இருந்தாலும், வேகமும் பெருந்தொகையும் அழுத்தும்போது தெருவில் உட்கார்ந்து திருத்தும் பொறுமை முதலில் பலியாகிறது.

கட்டடங்களின் நிலை இன்னொரு பாடம். கோவண்டி, மான்கூர்டு பகுதிகளில் எழுந்த மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் சிலவற்றில் கட்டடங்கள் ஒன்றையொன்று முட்டும் நெருக்கத்தில் நிற்கின்றன. வெளிச்சமும் காற்றும் குறைந்த கீழ்த்தள வீடுகளையும் காசநோயையும் இணைத்து அங்கே மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2018-இல் பேசப்பட்டது. 225 சதுர அடி வீடு யாருக்கு என்று எண்ண மக்களை அழைத்தார்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே எத்தனை அடி இருக்கவேண்டும் என்று எண்ண அழைக்கவில்லை. 14 அடி உயரத்தைக் கேட்ட பெண்கள் அதையும் சொல்லியிருப்பார்கள்.

கராச்சியின் சான்று

எல்லைக்கு அப்பால் கராச்சியின் ஒராங்கிப் பகுதியில் இதற்கு இணையான ஒரு முயற்சி நடந்தது. இன்றைய வங்கதேசத்தின் கொமில்லாவில் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்த அனுபவம் கொண்ட அக்தர் ஹமீத் கான் 1980-இல் அங்கே ஒராங்கி முன்னோடித் திட்டத்தைத் தொடங்கினார். சந்துக்குச் சந்து மக்கள் ஒன்றுசேர்ந்து, தங்கள் பணத்தில் கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள். உள்ளூர் இளைஞர்கள் அளந்து வரைபடம் போட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இப்படிப் பயன்பெற்றன.

அந்தத் திட்டத்தை வழிநடத்திய கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மான், கராச்சியின் விளிம்பில் நகரம் விழுங்கிக்கொண்டிருந்த பழைய கிராமங்களை ஆவணப்படுத்தினார். ஆவணம் இருந்தால் அந்த மக்கள் நிலவுரிமை கேட்கலாம், நிலம் பறிப்போருக்கு அது பிடிக்காது. 2013 மார்ச் 13 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வரைபடம் எவ்வளவு வலிமையானது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டாம்.

நம் தெருவுக்கு

தமிழில் எண்ணுதல் என்பதற்குக் கணக்கிடுதல் என்றும் சிந்தித்தல் என்றும் இரண்டு பொருள். மும்பை நடைபாதைப் பெண்கள் இரண்டையும் ஒன்றாகச் செய்தார்கள். அவர்கள் அடைந்தவற்றில் நிலைத்தது, கணக்கெடுப்பின் வழியே ஒருவரையொருவர் கண்டுகொண்ட கூட்டம்தான். எண் பழசாகிவிடும். கூட்டம் இருந்தால் மறுபடியும் எண்ணிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியது. 2021-இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. இந்த அரை நூற்றாண்டில் சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போயின. வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் வெகுதூரம் போனதன் விலையை அவர்கள் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்கு நடந்து போக முடிகிற தூரம்தான் ஏழையின் முதல் சொத்து என்று பைகுலாப் பெண்களின் கணக்கு 1985-லேயே சொல்லியிருந்தது.

அதனால் இந்தக் கட்டுரையின் கோரிக்கை ஒன்றுதான். இனி எந்த ஊரில் ஒரு குடியிருப்பை மாற்றத் திட்டம் வந்தாலும், அங்கே இருப்பவர்கள் எடுத்த கணக்கை முதல் ஆவணமாக வைக்கவேண்டும். பட்டியலைத் தெருவில் வைத்து உரக்க வாசிக்கவேண்டும், விடுபட்டவர் எழுந்து தன் பெயரைச் சொல்லக் காத்திருக்கவேண்டும். அந்தக் கணக்கின் மூலப்படி குடியிருப்போர் சங்கத்தின் கையிலேயே இருக்கவேண்டும். மாணவர்களும் ஆய்வாளர்களும் வழக்குரைஞர்களும் உதவப் போகலாம். போகும்போது வினாத்தாளை எழுதி எடுத்துப்போகாமல், வெறும் நோட்டோடு போய், என்ன கேட்கவேண்டும் என்று அங்கிருக்கும் பெண்களிடம் முதலில் கேளுங்கள்.